கடைக்காரர் சொன்னது உங்கள் கையில் எழுத்தாக இருக்கிறதா?

“இப்போதைக்கு 8 ஜிபி போதும் சார், அப்புறம் ரேம் ஏத்திக்கலாம்.” லேப்டாப் கடையில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. பையன் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் போய் பிராஜெக்ட் சாஃப்ட்வேர் போட்டதும் மெஷின் திணறும். சர்வீஸ் சென்டரில் திறந்து பார்த்தால் ரேம் மதர்போர்டோடு சாலிடர் ஆகி ஒட்டியிருக்கும், கூடுதல் ரேம் செருகும் ஸ்லாட்டே இருக்காது. கடைக்காரர் “கம்பெனியைக் கேளுங்க” என்பார். கம்பெனி “எல்லா விவரமும் வெப்சைட்டில் இருக்கிறதே” என்னும். இந்த இரண்டு வாசலுக்கும் நடுவே அலைந்து, கடைசியில் போனால் போகட்டும் என்று விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்கள் பக்கம் சட்டம் இருந்தது. அதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

சட்டம் 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பொருளின் தரம், திறன், பயன் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது அதன் 2(47) பிரிவு. எழுத்தில் சொன்னாலும் வாயால் சொன்னாலும் குற்றம் ஒன்றுதான். 2022 டிசம்பரில் மத்திய அரசு ‘ரிப்பேர் உரிமை’ என்று ஒரு இணையதளம் திறந்தது. சர்வீஸ், உதிரிபாக விவரம் தேட அது உதவும், இல்லாத ஸ்லாட்டை வரவழைக்காது. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

முதல் பொறி, புகாரை எழுதும் விதத்திலேயே இருக்கிறது. பெரும்பாலானோர் “லேப்டாப் ஸ்லோவாக இருக்கிறது” என்று கொடுக்கிறார்கள். சர்வீஸ் சென்டர் அதை வாங்கி, சோதித்து, ஜாப் ஷீட்டில் ‘நோ ஃபால்ட் ஃபவுண்ட்’ என்று எழுதிக் கையில் கொடுத்துவிடும். பிறகு எங்கே போனாலும் அந்தத் தாளை உங்களுக்கு எதிராகவே நீட்டுவார்கள். மெஷினில் பழுது இல்லை என்பது உண்மைதானே. உங்கள் குறை பழுது அல்ல. ‘ரேம் கூட்டலாம் என்று சொல்லி விற்றார்கள், இந்த மாடலில் கூட்டவே முடியாது’ என்பதுதான் குறை. முதல் நாளிலிருந்து எல்லா இடத்திலும் இதே வாக்கியத்தை எழுதுங்கள். ஜாப் ஷீட்டில் ‘ரேம் ஸ்லாட் இல்லை’ என்று எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் அதே கேள்வியை கம்பெனிக்கு ஈமெயிலில் கேளுங்கள். பதில் வந்தால் அதுவே சான்று.

வாயால் சொன்னதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார்கள். அதனால் பணம் கட்டும் முன்பே கடை நம்பருக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள்: “இந்த மாடலில் ரேம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா, எத்தனை ஜிபி வரை ஏற்றலாம்?” முழு மாடல் நம்பரையும் அதில் போடுங்கள். ஒரே பெயரில் வரும் லேப்டாப்பில் ஒரு ரகத்துக்கு ஸ்லாட் இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. விவரத் தாளில் ரேம் வகை எல்பிடிடிஆர் (LPDDR) என்று தொடங்கினால் ரேம் அநேகமாக சாலிடர்தான். வாங்கி முடித்தவர்களுக்கும் வழி உண்டு. “நீங்கள் சொன்னபடி ரேம் ஏற்ற வந்தேன், முடியாது என்கிறார்கள்” என்று அனுப்பிப் பாருங்கள். “அப்போ தெரியாம சொல்லிட்டோம் சார்” என்று ஒரு வரி வந்தாலும் போதும். போனை மாற்றும்போது அந்த சாட்டை இழந்துவிடாதீர்கள்.

சார்ஜர், கேபிள் விஷயத்திலும் இதே கதை. டைப்-சி என்பது ஓட்டையின் வடிவம், அவ்வளவுதான். சார்ஜ் ஏறும் வேகம், மானிட்டர் இணைப்பு, டேட்டா வேகம் மூன்றும் தனித்தனி. சில லேப்டாப்பில் அந்த போர்ட் வழியாக சார்ஜே ஏறாது. பல போன்கள் சொந்த பிராண்ட் சார்ஜரில்தான் முழு வேகம் காட்டும். பெட்டியில் சார்ஜர் இல்லாத போனை வாங்கும்போது “எந்த சார்ஜரும் போடலாம்” என்று சொன்னால், எந்த வேகத்தில் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஆன்லைனில் வாங்கியவர்களுக்குக் கை கொஞ்சம் பலம். விளம்பரத்தில் சொன்ன அம்சம் பொருளில் இல்லையென்றால் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். ஆனால் பொருளின் பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடுவார்கள். ஆர்டர் போடும் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

அடுத்து 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அவர்கள் புகாரை கம்பெனிக்கு அனுப்புவார்கள், சில சமயம் காரியம் முடியும். ஆனால் உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. கம்பெனி ஒரு பதில் அனுப்பினாலே புகார் முடிந்ததாகக் காட்டப்படுவதும் உண்டு. முக்கியமாக, 1915-இல் பதிவு செய்ததால் கெடு நிற்காது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருடம்தான். எதற்கும் பில் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். “அடுத்த வாரம் வாங்க” என்றே அந்த இரண்டு வருடத்தையும் தின்றுவிடுவார்கள்.

வழக்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் போட வேண்டும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. சென்னையில் வாங்கிவிட்டுத் திருநெல்வேலியில் இருந்தால் திருநெல்வேலியிலேயே போடலாம், சட்டமே அப்படிச் சொல்கிறது. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் பதியலாம். கடை, கம்பெனி இரண்டையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒன்றை விட்டால் மற்றது வராதவர்மீது பழி போட்டுத் தப்பிக்கும். உறுதிமொழிப் பத்திரம் இல்லை, நகல் தெளிவில்லை என்று மனு திரும்பி வரும். அதற்காகச் சோர்ந்துவிடாதீர்கள், சரிசெய்து மறுபடி கொடுங்கள்.

உங்கள் சொந்தத் தொழிலின் ஜிஎஸ்டி நம்பரில் பில் வாங்கியவர்கள் கவனியுங்கள். “இவர் வணிகத்துக்கு வாங்கினார், நுகர்வோரே அல்ல” என்பதுதான் கம்பெனி வக்கீலின் முதல் வாதமாக இருக்கும். டிடிபி சென்டர் வைத்திருப்பவர், போட்டோகிராபர் போன்றோர் ‘சுயதொழிலில் என் பிழைப்புக்காக வாங்கினேன்’ என்று மனுவிலேயே எழுதிவிட வேண்டும். அந்தப் பிழைப்புக்குச் சட்டம் விலக்கு தருகிறது.

பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். அந்த வரி சட்டத்தைவிடப் பெரியதல்ல.

தீர்ப்பு கிடைத்த பிறகும் பணம் தராமல் இழுப்பார்கள். அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்க 72-வது பிரிவில் இடம் இருக்கிறது. மனுவில் அந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.