உன்னிப்பு: கண் நகராமல் மனம் போகும் இடம்

பாம்பன் பக்கம் கரைவலை இழுக்கும் இடத்தில் ஒரு நாள் காலை நின்றிருந்தேன். "அந்தா, தண்ணி கருக்குது பாருங்க தம்பி" என்று பெரியவர் ஒருவர் கை நீட்டினார். மீன் கூட்டமாம். எனக்கு எல்லாம் ஒரே நீலம். அவர் சொன்ன பிறகு அந்தக் கரும் திட்டு பளிச்சென்று தெரிந்தது. அதற்கு அப்பால் போன வள்ளம் என் கண்ணில் படவே இல்லை. கடல் அதேதான், கண்ணும் அதேதான். மாறியது எது?

'கவனம்' என்போம். இது 'கமனம்' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. கமனம் என்றால் போதல். கன்னடத்தில் இன்றைக்கும் கவனத்துக்கு 'கமன' என்றுதான் சொல்கிறார்கள். மனம் ஓரிடத்துக்குப் போவது என்ற அந்தப் பொருள் எனக்கு மிகவும் பிடிக்கும்.

கண் போகாமலேயே மனம் போகும் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் காட்டினார். இருட்டுப் பெட்டிக்குள் எழுத்துகள்; ஒரே ஒரு மின்பொறி வெளிச்சம். கண்ணைத் திருப்ப நேரமே கிடையாது. ஆனாலும், முன்கூட்டியே மனத்தை எந்த மூலையில் வைத்திருந்தாரோ அங்கிருந்த எழுத்துகளை அவரால் படிக்க முடிந்தது.

அப்போது மூளை என்ன செய்கிறது? வேண்டாததை அடக்குகிறது. 1985இல் மோரன், டெசிமோன் என்ற மூளை ஆய்வாளர்கள் இருவரும் குரங்குகளில் இதைக் கண்டார்கள்: ஒரே நரம்பணுவின் பார்வை எல்லைக்குள் இரண்டு பொருள்கள் இருந்தாலும், கவனிக்காத பொருளுக்கு அந்த அணு காட்டும் துடிப்பு வெகுவாகக் குறைந்தது. அசைவை உணரும் மூளைப் பகுதியிலும் இப்படித்தான் என்று 1996இல் தெரியவந்தது. எதிரெதிராக நகரும் இரண்டு புள்ளிகளில், குரங்கு எதைக் கவனித்ததோ அதன் திசையையே அணுக்கள் பெரிதும் பின்பற்றின.

இப்படி மற்றதை விலக்கி ஒன்றையே கவனிப்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? 'கூர்நோக்கு' நல்ல சொல்தான், ஆனால் கண்ணோடு நின்றுவிடும். நான் 'உன்னிப்பு' என்பேன். உன்னுதல் என்றால் நினைத்தல், கருதுதல். உன்னிப்பாகப் பார்க்கலாம், உன்னிப்பாகக் கேட்கவும் செய்யலாம். ஒன்றை உன்னும்போது மற்றவை தானாக விலகுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

அப்புறம், இதன் மறுபக்கம் 'பராக்கு'. ஓரக்கண்ணில் ஏதாவது அசைந்தால் நடுமூளையில் உள்ள சிறு மேடு ஒன்று கண்ணை அந்தப் பக்கம் இழுக்கிறது. நாம் நினைத்துச் செய்வதல்ல அது. வீட்டுப்பாடத்துக்கு நடுவே, ஜன்னல் வழியே போகும் படகைப் பார்க்கும் பிள்ளையைப் "பராக்குப் பார்க்காதே" என்று அதட்டுகிறோமே, அவன் கண்ணை இழுத்தது அந்த மேடுதான்.