எண்பது லட்சம் முறை ஒலித்ததை எண்ணியது யார்?

"அமெரிக்காவில் ஒரு பாட்டு 80 லட்சம் முறை ஒலிபரப்பானதாமே, யார் உட்கார்ந்து எண்ணினார்கள்? நம் 'ராக்கம்மா' பாட்டை உலகில் நான்காவது என்கிறார்களே, அதுவும் இப்படி எண்ணியதுதானா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டும் வேறு வேறு கணக்கு.

பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிமைத்தொகை வசூலித்துத் தரும் பி.எம்.ஐ. என்ற அமெரிக்க அமைப்பு, 1999 டிசம்பரில் நூற்றாண்டின் முதல் நூறு பாடல்களை அறிவித்தது. ரைட்டியஸ் பிரதர்ஸ் 1964இல் வெளியிட்ட 'யூ'வ் லாஸ்ட் தட் லவ்வின் ஃபீலின்' முதலிடம். வாசகர் சொல்லும் 80 லட்சம் இதன் கணக்குதான். மூன்று நிமிடப் பாட்டு என்று வைத்துக்கொண்டாலே 45 ஆண்டுகள் நிற்காமல் ஓடவேண்டும். (உண்மையில் அது மூன்றே முக்கால் நிமிடம். நீளமான பாட்டை வானொலிக்காரர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று, தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் இசைத்தட்டின் மேல் 3:05 என்று அச்சடித்துவிட்டார்!) பட்டியலில் பி.எம்.ஐ.யின் பாடல்களுக்கு மட்டுமே இடம். போட்டி அமைப்பான ஆஸ்காப்பின் பாடல்கள் கிடையாது. 'நூற்றாண்டு' என்பது கொஞ்சம் அதிகப்படிதான்.

யாரும் முழுதாக எண்ணவில்லை. அப்போதெல்லாம், ஆண்டில் சில நாட்களுக்கு மட்டும், அன்றன்று ஒலித்த பாடல்களையெல்லாம் குறித்து அனுப்பும்படி வானொலி நிலையங்களைக் கேட்பார்கள். அந்த மாதிரியைப் பெருக்கி மொத்தத்தை மதிப்பிடுவார்கள்.

இங்கேதான் எனக்குப் பிடித்த வர்க்கமூலம் நுழைகிறது. நூறு ஒலிபரப்பில் ஒன்று குறிப்பேட்டில் சிக்குகிறது என்று கொள்வோம். பத்து லட்சம் முறை ஒலித்த பாட்டு சுமார் 10,000 முறை சிக்கும். எது சிக்கும் என்பது தற்செயல் என்றால், அந்த எண்ணிக்கை ஏறத்தாழ அதன் வர்க்கமூல அளவுக்கு, அதாவது 100, கூடவோ குறையவோ செய்யும். பிழை ஒரு சதவீதம்தான். 400 முறை ஒலித்த பாட்டு? சராசரியாக நான்கு முறை சிக்கும், ஊசலாட்டமோ இரண்டு. நூறால் பெருக்கினால் 200 என்றும் வரலாம், 600 என்றும் வரலாம். 50 முறை மட்டும் ஒலித்த பாட்டு, நூற்றுக்கு அறுபது வாய்ப்பில் ஒருமுறைகூடச் சிக்காது. இசையமைப்பாளருக்குச் சல்லிக்காசு கிடையாது. ஒருமுறை சிக்கிவிட்டாலோ, லாட்டரி விழுந்த மாதிரி, 100 முறைக்கான பணம்! யாரும் ஏமாற்றவில்லை, கணிதமே சின்னவர் தலையில் கைவைக்கிறது. ஒலியைக் கேட்டே பாட்டை அடையாளம் காணும் கணினிகள் வந்தபிறகு இந்த அநியாயம் குறைந்திருக்கிறது.

ராக்கம்மா கதைக்கு வருவோம். 2002இல் பி.பி.சி. உலக சேவை நேயர்களிடம் வாக்குக் கேட்டது. 'ராக்கம்மா கையத் தட்டு' நான்காம் இடம். அதற்கு முன்னால் அயர்லாந்தின் தேசபக்திப் பாட்டு ஒன்று, பிறகு 'வந்தே மாதரம்', 'தில் தில் பாகிஸ்தான்'. யார் திரண்டு வாக்களித்தார்கள் என்று விளக்கவும் வேண்டுமா? வர்க்கமூலம் இங்கே உதவாது. தற்செயலால் வரும் பிழை, எண்ணிக்கை கூடக்கூடச் சுருங்கும். ஆர்வமுள்ளவர்கள் மட்டும் வந்து வாக்களிப்பதால் ஏற்படும் சாய்வு, கோடி வாக்கு விழுந்தாலும் அப்படியே நிற்கும். இளையராஜாவுக்கு இந்தச் சான்றிதழ் தேவையே இல்லை. ஆனாலும் 'உலகின் நான்காவது சிறந்த பாடல்' என்று அது வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.