லினக்ஸ் லேபில் வைரஸ்: பாஸ்வேர்டு யார் கையில்?

"எங்க லேப்ல உபுண்டுதான் சார், வைரஸே வராது." கடலூர் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளிக்குச் சர்வீஸுக்குப் போனாலும் இந்த வார்த்தை காதில் விழும். உபுண்டு என்பது லினக்ஸில் ஒரு வகை. அவர்கள் சொல்வது பாதி உண்மை.

பள்ளிகளில் அதிகம் தொல்லை தருவது பென் டிரைவில் வரும் ஷார்ட்கட் வைரஸ். அது விண்டோஸுக்காக எழுதப்பட்டது. உள்ளே இருக்கும் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயர்களில் ஷார்ட்கட்டுகளை வைத்துவிடும். 'கேள்வித்தாள்' ஃபோல்டரைத் திறப்பதாக நினைத்து ஆசிரியர் கிளிக் செய்வார். ஃபோல்டரும் திறக்கும், பின்னால் வைரஸும் ஓடும். அதே பென் டிரைவை உபுண்டுவில் செருகினால் குட்டு உடைந்துவிடும். விண்டோஸ் மதிக்கும் 'மறை' குறியை லினக்ஸ் கண்டுகொள்வதில்லை. அதனால் நிஜ ஃபோல்டர், அதன் பக்கத்திலேயே அதே பெயரில் 'எல்என்கே' என்று முடியும் ஒரு குட்டி ஃபைல் (அதுதான் ஷார்ட்கட்), பல சமயம் கூடவே 'விபிஎஸ்' என்று முடியும் ஒன்று (வைரஸின் நிரல்), எல்லாம் வெளிப்படையாகத் தெரியும். ஓடத்தான் ஓடாது.

ஆனால் அதை யாரும் அழிப்பதில்லை. பென் டிரைவ் ஜெராக்ஸ் கடைக்குப் போகிறது, திரும்பி வருகிறது, லேபில் பத்துப் பிள்ளைகள் காப்பி எடுக்கிறார்கள், கடைசியில் ஹெச்.எம். அறை விண்டோஸ் சிஸ்டத்தில் போய் நிற்கிறது. மாணவர் விவரங்களை ஏற்றும் எமிஸ் பதிவு நடப்பது அங்கேதான். லேபுக்கு நோய் வராது, ஆனால் ஊருக்கெல்லாம் பரப்பும். இதற்கு கிளாம்ஏவி என்ற வைரஸ் ஸ்கேனர் போதும். இலவசம், கட்டற்ற மென்பொருள். ஆனால் நிறுவிவிட்டுச் சும்மா இருந்தால் அது தானாக எதையும் தடுக்காது. அதன் புதுப்பிப்புக் கருவியான ஃபிரெஷ்கிளாம் மூலம் வைரஸ் பட்டியலைப் புதுப்பித்து, பென் டிரைவை நாமே ஸ்கேன் செய்ய வேண்டும். வாசலருகே ஒரு பழைய சிஸ்டத்தை இதற்கென்றே ஒதுக்கி, வெளிப் பென் டிரைவ் எதுவானாலும் முதலில் அங்கே என்று வைத்துவிடுங்கள்.

கேம் விளையாட யாராவது வைன் (விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்டுவது) நிறுவியிருந்தால் எடுத்துவிடுங்கள். அதற்குள் ஓடும் விண்டோஸ் வைரஸ் மாணவரின் ஹோம் ஃபோல்டரைத் தொட முடியும்.

இனி பெரிய ஓட்டைக்கு வருவோம். உபுண்டு நிறுவும்போது உருவாகும் முதல் கணக்கு அட்மின் கணக்கு. நிறுவிக் கொடுப்பவர் அதற்கு 'ஸ்டூடண்ட்' என்று பெயர் வைத்து, பாஸ்வேர்டை மானிட்டரிலேயே ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எல்லோருக்கும் அதுதான். யூடியூப் பார்த்து 'சூடோ' (அட்மின் அதிகாரத்தில் ஓட்டு என்று பொருள்) என்று தொடங்கும் கட்டளையை ஒரு பையன் டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) ஒட்டி, கேட்ட பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டால், லினக்ஸ் அதன்பின் எதையும் தடுக்காது. அவனைத் திட்டிப் பயனில்லை.

ஒரு பள்ளியில் சும்மா இருக்கும் சிஸ்டத்தில் ஃபேன் இரைந்துகொண்டே இருந்தது. ஓடும் நிரல்களைக் காட்டும் 'டாப்' கட்டளை கொடுத்துப் பார்த்தால், 'கேவொர்க்கர்' என்ற பெயரில் ஏதோ ஒன்று சிபியு முழுவதையும் தின்றுகொண்டிருக்கிறது. அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் சொந்த வேலையாள் பெயர். முழு அதிகாரமுள்ள ரூட் கணக்கின் பெயரில்தான் ஓட வேண்டும். இங்கோ உரிமையாளர் இடத்தில் 'ஸ்டூடண்ட்'. நிறுத்தினால் ஒரு நிமிடத்தில் மறுபடி எழுந்தது. குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் பட்டியலான கிரான்டேபில் ஒரு வரி அதை எழுப்பிக்கொண்டே இருந்தது. யாருக்கோ கிரிப்டோ காசு தோண்டும் மைனர். சாதாரணக் கணக்காக இருந்திருந்தால் அந்தக் கணக்கை அழித்துப் புதிதாகப் போட்டிருக்கலாம். அட்மின் கணக்கு என்பதால் உள்ளே வேறு எங்கே கை வைத்தது என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. முழு சிஸ்டத்தையும் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று.

ஆகவே ஆசிரியருக்கு ஓர் அட்மின் கணக்கு, மாணவருக்கு சாதாரணக் கணக்கு. செட்டிங்ஸில் பயனர்கள் பகுதியில் சில நிமிட வேலை.

அது மட்டும் போதாது, அப்டேட்டும் வேண்டும். 2022 ஜனவரியில் வெளியான 'பவ்ன்கிட்' ஓட்டை, சாதாரணக் கணக்கையே ரூட்டாக்கிவிடக்கூடியது. 2009 முதலே, அதிகார அனுமதியைக் கவனிக்கும் போல்கிட் என்ற பகுதியில் ஒளிந்திருந்தது. திருத்தம் உடனே வந்தது, ஆனால் அப்டேட் போடாத லேபுக்கு அது வந்தும் பயனில்லை. உபுண்டு 18.04-க்கான வழக்கமான ஆதரவு 2023-லும், 20.04-க்கு 2025-லும் முடிந்துவிட்டது. இன்னும் அதையே ஓட்டும் பள்ளிகள் மாற்றியே ஆக வேண்டும்.

நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ ஃபைலை நண்பர் ஹார்டு டிஸ்கிலிருந்து வாங்காமல், அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கி, அதன் ஷா256 மதிப்பை (ஃபைலின் கைரேகை போன்றது) தளத்தில் தந்திருப்பதோடு சரிபாருங்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் தளத்தையே உடைத்து, பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓ-வுக்கு இணைப்பு கொடுத்திருந்தார்கள். அதே ஆண்டு மிராய் வைரஸ், தொழிற்சாலை பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அவற்றுள் ஓடியதும் லினக்ஸ்தான். லேபின் சிசிடிவி பெட்டி, ரவுட்டர் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள்.

எல்லாம் சரிசெய்த பிறகு, டிஸ்கை அப்படியே நகலெடுக்கும் குளோன்ஸில்லாவால் ஒரு சுத்தமான சிஸ்டத்தின் இமேஜை (முழு நகலை) வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்து வையுங்கள். அந்த டிஸ்கை லேபில் வைக்காமல் ஹெச்.எம். அறை பீரோவில் பூட்டி வைப்பது நல்லது.