புத்தர் எப்போது வாழ்ந்தார்? கல்லும் கணக்கும்

கல்வெட்டிலேயே இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சு எழாது. புத்தர் விஷயத்தில் அந்தக் கல் நேபாளத்தின் லும்பினியில் நிற்கிறது. 1896-ல் அடையாளம் காணப்பட்ட அசோகர் தூண். முடிசூடி 20 ஆண்டு கழிந்தபின் மன்னர் தாமே வந்து வணங்கினார். சாக்கியமுனி புத்தர் பிறந்த இடம் என்பதால் கல்தூண் நாட்டினார். லும்பினி ஊருக்கு வரி நீக்கி, விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு கட்டினால் போதும் என்றார். இவ்வளவுதான் அதில் உள்ள சேதி.

அதே வட்டாரத்தில், நிகாலி சாகர் குளக்கரையில், உடைந்து கிடக்கும் இன்னொரு தூணையும் படிக்க வேண்டும். கோணாகமன புத்தரின் ஸ்தூபியை இருமடங்கு பெரிதாக்கியதாக அதில் அசோகர் சொல்கிறார். கௌதமருக்கு முன்பே பல புத்தர்கள் வந்ததாகப் பௌத்த மரபு சொல்கிறது; கோணாகமனர் அவர்களில் ஒருவர். அவர் காலத்து மனிதர்களுக்கு ஆயுள் 30,000 ஆண்டு என்கின்றன பாலி நூல்கள்! ஒரே மன்னர், ஒரே வகைக் கல். இரண்டுமே உறுதியாகச் சொல்வது, கி.மு. 3ஆம் நூற்றாண்டில் மக்கள் எதை நம்பினார்கள் என்பதை மட்டுமே. கௌதமர் உண்மையில் வாழ்ந்தவர் என்று ஏற்க வேறு சாட்சி தேடத்தான் வேண்டும்.

காலத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? புத்தரிலிருந்து அல்ல, அசோகரிலிருந்து பின்னோக்கி. 13ஆம் பாறைக் கல்வெட்டு அந்தியோகஸ், தாலமி, அந்திகோனஸ், மகஸ், அலெக்சாந்தர் என ஐந்து கிரேக்க மன்னர்களைக் குறிக்கிறது. அவர்களின் ஆட்சிக்காலம் கிரேக்கப் பதிவுகளால் தெரியும். ஐவரும் ஒருசேர ஆண்ட சில ஆண்டுகளை வைத்து அசோகர் முடிசூடியது ஏறத்தாழ கி.மு. 268 என்கிறார்கள். (சோழ, பாண்டியரையும் அதே கல்வெட்டு சொல்கிறது, மன்னர் பெயர் இல்லாததால் காலக்கணக்குக்கு உதவவில்லை.)

சிக்கல் அதற்குப் பிறகுதான். புத்தர் மறைந்து 218 ஆண்டு கழித்து அசோகர் முடிசூடினார் என்கின்றன இலங்கையின் பழைய வரலாற்று நூல்களான தீபவம்சமும் மகாவம்சமும். வடநாட்டுப் பௌத்த மரபோ 100 ஆண்டு என்கிறது. முதல் கணக்கில் புத்தர் மறைவு கி.மு. 486, மற்றதில் கி.மு. 368. நூறு என்ற முழு எண் எனக்குச் சந்தேகம் தருகிறது. ஆனால் 218-ம் இடிக்கிறது: புத்தரின் சீடர் உபாலி முதல் அசோகர் காலத்து மொக்கலிபுத்த திஸ்ஸர் வரை ஐந்தே ஆசிரியர்களை இலங்கை மரபு சொல்கிறது. இத்தனை ஆண்டை ஐந்து பேர் தாங்குவது கடினம். இன்று ஆய்வாளர் பலர் இரண்டுக்கும் நடுவே, கி.மு. 400-ஐ ஒட்டி மறைவை வைக்கிறார்கள்.

நூல்களுக்குள் புகுந்து கதையையும் நடந்ததையும் பிரித்துச் சலிக்கும் வேலை இதைவிடச் சுவையானது. முதியவர், நோயாளி, பிணம், துறவி என்ற நான்கு காட்சிகளின் கதை தீக நிகாயம் என்ற பாலி நூல்தொகுப்பில் கௌதமருக்கு அல்ல, விபஸ்ஸி என்ற பழம்புத்தருக்குச் சொல்லப்படுகிறது. கௌதமர் தம் துறவைத் தாமே விவரிக்கும் பழைய சூத்திரத்தில் (போதனை உரையில்) தேரும் இல்லை, நள்ளிரவும் இல்லை. பெற்றோர் அழ அழத் தலையை மழித்துக்கொண்டு கிளம்புகிறார்.

அவர் இறப்பின் கதை இன்னும் வலுவான சாட்சி. கொல்லர் சுந்தர் இட்ட உணவு, இரத்தப்போக்கு, பிறகு குசிநாரா என்ற சிற்றூரில் மறைவு. போயும் போயும் இந்த மண்சுவர்ப் பட்டிக்காட்டிலா, சம்பா, ராஜகிருகம், வாரணாசி என்று பெருநகரங்கள் இல்லையா என்று சீடர் ஆனந்தர் முறையிடுகிறார். புகழ்பாட வந்தவர் தம் ஆசானுக்கு இப்படியொரு சாவைப் புனைந்திருக்க மாட்டார். முன்பு இது குசாவதி என்ற மாநகரம் என்று புத்தர் தேற்றுகிறார். அந்தச் சமாதானம் வளர்ந்து தனிச் சூத்திரமாகவே ஆகிவிட்டது. ஊரின் சிறுமையை மட்டும் யாரும் வெட்டி எறியவில்லை.