பட்டம் வாங்கியாச்சு, தைரியம் வரவில்லையா? ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சியைப் பாருங்கள்

பொறியியல் முடித்தவர்களில் பலருக்குப் பாடம் தெரியும். ஆனால் "உன்னால் இதைச் செய்ய முடியுமா?" என்று இன்டர்வியூவில் கேட்டால் குரல் இறங்கிவிடுகிறது. இதைக் குணக்குறை என்று நினைக்க வேண்டாம். என்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று 1977-இல் எழுதிய உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, தானே ஒரு வேலையைச் செய்து முடித்த அனுபவத்தைத்தான் முதலில் வைத்தார். அறிவுரையும் ஊக்கப் பேச்சும் அதற்கு அப்புறம்தான்.

அந்த அனுபவத்துக்குச் சட்டப்படியே ஒரு வழி இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் 1973-இல் திருத்தப்பட்டு, பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோ முடித்தவர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். இவர்களுக்கான தேசியப் பழகுநர் பயிற்சித் திட்டம்தான் 'நாட்ஸ்' (NATS). மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் நடக்கிறது. தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் உள்ளது.

பயிற்சிக் காலம் பொதுவாக ஓராண்டு. படித்து முடித்து வழக்கமாக 5 ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். ஏற்கெனவே ஓராண்டோ அதற்கு மேலோ வேலை பார்த்தவர்கள் சேர முடியாது. 2019 விதித்திருத்தம் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000 ரூபாய் என்று உதவித்தொகையை வகுத்தது. இந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை அரசு ஏற்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் கட்டாயம் பழகுநர்களை எடுக்க வேண்டும் என்பதால், "எங்களிடம் அப்படியெல்லாம் கிடையாது" என்று யாராவது சொன்னால் உடனே திரும்பிவிடாதீர்கள்.

நாட்ஸ் இணையதளத்தில் பெயரைப் பதிந்து, காலியிடம் பார்த்து விண்ணப்பிக்கலாம். தேர்வானால் ஒப்பந்தம் போடுவார்கள். அதை முழுக்கப் படியுங்கள். பழகுநர் சட்டப்படி பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி அல்ல. அதனால் முடிந்ததும் நிறுவனம் வேலை தந்தே ஆக வேண்டும் என்பதில்லை, ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் தவிர. இது தெரியாமல் போய், கடைசி மாதத்தில் மனம் உடைபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அதே சமயம், தொழிற்பழகுநர் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் உங்களை ஓவர்டைம் செய்ய வைக்க முடியாது. பயிற்சியில் காயம்பட்டால் இழப்பீடு உண்டு. முடித்ததும் தேர்ச்சிச் சான்றிதழ் கிடைக்கும்.

சேர்ந்தபின் ஒன்று செய்யுங்கள். தினமும் தனியாக முடித்த வேலையை, அது சின்ன பிழைத்திருத்தமாக இருந்தாலும், தேதியோடு எழுதி வையுங்கள். எங்கே தடுமாறினீர்கள், எப்படிச் சமாளித்தீர்கள் என்பதையும் சேர்த்து. அடுத்த இன்டர்வியூவில் சொல்ல உண்மையான பதில்கள் அந்த நோட்டில் இருக்கும்.

காத்திருக்கும் மாதங்களில் தூக்கம் கெட்டு, மனம் ரொம்பவே சோர்ந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் இலவச மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.