மருத்துவமனையில் மரணம்: உறவினர் கேட்டுப் பெற வேண்டியவை

"எங்களால் முடிந்ததையெல்லாம் செய்தோம், ஹார்ட் நின்றுவிட்டது." ஐ.சி.யு. வாசலில் ட்யூட்டி டாக்டர் சொல்லும் இந்த ஒரு வரியோடு பல குடும்பங்கள் வீடு திரும்பிவிடுகின்றன. இதயம் நிற்காமல் யாரும் இறப்பதில்லை. ஏன் நின்றது என்பதற்கு எழுத்தில் பதில் பெறச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத் திருத்தம் 2023 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி அரசு மருத்துவமனையோ தனியாரோ, அங்கே நிகழ்ந்த இறப்புக்குக் காரணச் சான்றிதழைக் கட்டணமின்றித் தர வேண்டும். சிகிச்சை அளித்த மருத்துவர் கையெழுத்திட்ட அந்தச் சான்று பதிவாளருக்குப் போகும். நகல் நெருங்கிய உறவினருக்கு வர வேண்டும். படிவம் 4 என்பது இதன் பெயர். உடனடிக் காரணம், அதற்கு முன்பிருந்த காரணம் என்று அதில் தனித்தனி வரிகள் உண்டு. இதயச் செயலிழப்பு என்பதுபோல் இறந்த விதத்தை எழுதக் கூடாது, இறப்பை உண்டாக்கிய நோயையோ காயத்தையோ எழுத வேண்டும் என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள்! நகராட்சி தரும் இறப்புச் சான்றிதழில் காரணம் இருக்காது என்பதால் இந்த நகலை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது கேஸ் ஷீட். டெத் சம்மரி என்று தருவது சுருக்கம்தான். எந்த மருந்தை எப்போது கொடுத்தார்கள், நர்ஸ் என்ன குறித்தார் என்பதெல்லாம் கேஸ் ஷீட்டில்தான் இருக்கும். நோயாளியோ அவர் சார்பில் உரிமை பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள். வாயால் கேட்டால் எம்.ஆர்.டி.க்கு (மருத்துவ ஆவணப் பிரிவுக்கு) போங்கள், நாளை வாருங்கள் என்று இழுத்தடிப்பார்கள். உள்நோயாளி எண், தேதி, உறவுமுறை குறிப்பிட்டு மனு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். உள்நோயாளி ஆவணங்களை மருத்துவர் 3 ஆண்டுகள்தான் வைத்திருக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

பில் பாக்கிக்காக உடலைப் பிடித்துவைக்கக் கூடாது என்கிறது தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளிகள் உரிமைச் சாசனம். சாசனம் சட்டமல்ல, ஆனாலும் மேலாளரிடம் எடுத்துக்காட்டிப் பேச உதவும். விபத்து, விஷம் போன்ற இறப்புகளில் போலீஸ், பிரேதப் பரிசோதனை முடிந்த பிறகே உடல் கிடைக்கும்.

72 மணி நேரம் கடந்தும் கேஸ் ஷீட் வரவில்லையென்றால், முத்திரையிட்ட மனு நகலை இணைத்து மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம்.