பல்லடம் காற்றும் பனியன் நூலும்

பைக்குக்குப் புதிய முன்கண்ணாடியை நானே மாட்டினேன். நான்கு திருகுகள், பத்து நிமிட வேலை. பழையது மார்புவரைதான் மறைக்கும். இது அதைவிட ஒரு சாண் உயரம். இனிக் காற்றுத் தொல்லை ஒழிந்தது என்ற நினைப்பில் மறுநாள் காலை கோவையிலிருந்து தாராபுரத்துக்குக் கிளம்பினேன். மாசி மாதம், பெரிய காற்று இல்லை. சூலூர் தாண்டி வேகம் எண்பதைத் தொட்டதும் மார்பின் மேல் இருந்த அழுத்தம் உண்மையிலேயே குறைந்தது. தலை மட்டும் ஆடத் தொடங்கியது. ஹெல்மெட்டை இரு பக்கமும் பிடித்துக்கொண்டு யாரோ உலுக்குவது போல இருந்தது. பல்லடத்தில் டீக்கடையில் நிறுத்தியபோது, சர்க்கரை போடலாமா என்று கடைக்காரர் இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் என் காதில் விழுந்தது.

காற்றைத் தடுக்க வாங்கிய கண்ணாடி காற்றை இன்னும் மோசமாக்கியது எப்படி? பல மாதங்கள் இந்தக் கேள்வியோடு சுற்றினேன். பைக்கில் எதை மாற்றினாலும் அது இன்னொன்றின் மேல் கைவைக்கும் என்பது அதில்தான் புரிந்தது.

முதலில் காற்றின் கணக்கு. காற்றின் எதிர்விசை வேகத்தோடு சேர்ந்து சும்மா ஏறுவதில்லை. வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. நாற்பதில் போகும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஆளையும் வண்டியையும் காற்று நான்கு கிலோ எடைக்குச் சற்றுக் குறைவான விசையில் தள்ளுகிறது என்றால், எண்பதில் அது நான்கு மடங்கு, சுமார் 15 கிலோ. அதைத் தள்ளிக்கொண்டு போக எஞ்சின் தர வேண்டிய திறன் எட்டு மடங்கு. இதில் நம் ஊருக்கென்று ஒரு விசேஷம் உண்டு. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்திருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக, தென்மேற்குப் பருவக்காற்று ஆனி, ஆடியில் நேராகக் கொங்குச் சமவெளிக்குள் பாய்கிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அந்த மாதங்களில் பல்லடத்திலிருந்து கோவைக்கு எண்பதில் வருகிறீர்கள், எதிர்க்காற்று நாற்பது என்று வையுங்கள். ஸ்பீடோமீட்டர் எண்பது காட்டினாலும் உங்கள் மார்புக்கு அது நூற்றிருபது. விசை இரண்டேகால் மடங்கு. போகும்போது குடித்ததைவிடத் திரும்பும்போது வண்டி அதிகமாகப் பெட்ரோல் குடிப்பதற்கு பங்க்கைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

கொங்கு நாட்டில் ஸ்போர்ட் டூரிங் பைக்குக்கு இவ்வளவு மவுசு இருப்பதும் எனக்கு வியப்பில்லை. பந்தய பைக்கில் குனிந்துகொண்டு திருச்சி சாலையில் நூறு கிலோமீட்டர் போனால் மணிக்கட்டு விட்டுப்போகும். சொகுசு க்ரூஸரில் ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசும். நேர்ச்சாலையும் மலைச்சாலையும் ஒரே நாளில் வந்துவிடும் ஊரில் இரண்டுக்கும் நடுவிலான வண்டிதான் தோது. இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்று 1976-இல் வந்த பி.எம்.டபிள்யூ. ஆர்100ஆர்.எஸ். இத்தாலியின் பினின்ஃபரீனா காற்றுச் சுரங்கத்தில் சோதித்துச் செதுக்கிய, முன்பகுதியை மூடும் முழு உறையோடு (ஃபேரிங்) விற்பனைக்கு வந்த பைக் அது. காற்றைத் தடுப்பது அவர்களுக்குப் பெரிய வேலையாக இருந்திருக்காது. அதற்கு ஒரு பலகை போதும்.

தடுத்த காற்று பிறகு எங்கே போகிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. பவானியில் தண்ணீர் ஓரளவு ஓடும் நாளில் பாலத்தின் மேல் நின்று தூணுக்குக் கீழ்ப்புறம் பாருங்கள். தூணில் மோதிய நீர் இரண்டாகப் பிரிந்து, பின்னால் நிம்மதியாகச் சேர்ந்துகொள்வதில்லை. இடப்பக்கம் ஒரு சுழி, வலப்பக்கம் ஒரு சுழி என்று மாறி மாறிக் கழன்று ஓடுகிறது. தூணின் முதுகில் அழுத்தம் குறைந்த ஒரு பள்ளம் உண்டாகிறது; இரு பக்க நீரும் அதை நிரப்ப முண்டியடிக்கின்றன. இந்தச் சுழி வரிசைக்குக் கணித விளக்கம் தந்த தியோடர் வான் கார்மானின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. கண்ணாடியின் பின்னாலும் இதே கதைதான். நாற்பது சென்டிமீட்டர் அகலமுள்ள கண்ணாடி எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால், விளிம்பிலிருந்து வினாடிக்கு எட்டு, பத்துச் சுழிகள் கழலும். கழல்கிற ஒவ்வொரு சுழியும் ஹெல்மெட்டுக்கு ஓர் அறை.

பழைய குட்டைக் கண்ணாடியில் என் தலை இந்தச் சுழிகளுக்கு மேலே, கலங்காத காற்றில் இருந்தது. அந்தக் காற்று பலமாகவே தள்ளியது. ஆனால் ஒரே சீராகத் தள்ளியதால் கழுத்து அதற்குப் பழகிக்கொண்டது. புதிய கண்ணாடி விளிம்பை நேராக என் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. விசை குறைந்தது, ஆனால் மிச்சமிருந்த விசை வினாடிக்குப் பத்து முறை திசை மாறியது. கழுத்துத் தசையைக் களைக்க வைப்பது விசையின் அளவைவிட அது மாறிக்கொண்டே இருப்பதுதான். இரைச்சலும் அதிலிருந்தே பிறக்கிறது.

இதெல்லாம் புத்தகத்தில் இருப்பது. என் வண்டியில் நடப்பது இதுதானா? காற்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நூல் தெரியும். விமானப் பொறியாளர்கள் வெகுகாலமாக இறக்கையில் நூல் துண்டுகளை ஒட்டிக் காற்றோட்டத்தைப் பார்க்கிறார்கள். திருப்பூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நூலுக்கா பஞ்சம்? மெக்கானிக் கடையில் கை துடைக்கப் போட்டிருந்த பனியன் வேஸ்டில் மஞ்சள் துணி ஒன்றை எடுத்துப் பிரித்தேன். விரல் நீளத்துக்கு வெட்டி, கண்ணாடியின் மேல் விளிம்பில் எட்டு, உட்புறம் மூன்று வரிசை, ஹெல்மெட் நெற்றியில் ஐந்து என்று செல்லோடேப்பால் ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவிநாசி தாண்டி நெடுஞ்சாலையில் நான் எண்பதில் போக, மச்சான் பக்கத்தில் காரை ஓட்டினார். அவருடைய மகன் ஜன்னல் வழியாக செல்போனில் படம் பிடித்தான்.

வீட்டுக்கு வந்து மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். விளிம்பு நூல்கள் பின்னோக்கிப் படிந்து கிடந்தன, அது எதிர்பார்த்ததுதான். உட்புறத்து நூல்கள்தான் திகைக்க வைத்தன. அவை என் பக்கம் சாயாமல் கண்ணாடியோடு ஒட்டி மேல்நோக்கி நிமிர்ந்து நின்றன. அதாவது காற்று என் மார்பிலிருந்து முன்னோக்கிப் போய், கண்ணாடியின் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது! ஓட்டும்போது முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளுவது போல இருந்த உணர்வுக்கும் விடை கிடைத்தது. முன்னால் அழுத்தம் குறைந்த பள்ளம் இருந்தால் பின்னாலிருக்கும் காற்று அதை நோக்கித்தானே வரும்? ஹெல்மெட் நூல்களோ சாட்டையாகச் சுழன்றன. படத்தில் அவை நூலாகவே தெரியவில்லை, மஞ்சள் புகையாகத் தெரிந்தன.

நோய் தெரிந்தால் மருந்து எளிது. பள்ளம் காற்று கேட்கிறது. வேண்டிய காற்றைக் கீழிருந்து கொடுத்துவிட்டால் மேலிருந்து சுழித்து இறங்க வேலையில்லை. கண்ணாடியின் அடிப்பகுதிக்கும் உறைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போய், நான்கு திருகுகளுக்கும் அலுமினியத்தில் புஷ் (திருகு நுழையும் சிறு குழாய்த் துண்டு) கடைந்து தரும்படி கேட்டேன். பட்டறைக்காரர் 'ஏனுங்க' என்று இழுத்துவிட்டு, கண்ணாடியை நெருக்கமாக வைக்கத்தான் எல்லாரும் வருவார்கள், நீங்கள் சந்து விடச் சொல்கிறீர்களே என்று சிரித்தார். பிறகு வெர்னியரை எடுத்துத் திருகின் விட்டத்தை அளந்தார். அரை மணி நேரத்தில் நான்கு புஷ்களும் கையில் வந்தன. இப்படிக் கேட்டதைக் கடைந்து தரும் ஆட்கள் தெருவுக்குத் தெரு இருப்பது கோவையின் வரம். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதையே வாங்கிப் பிரித்துப் பூட்டிய ஜி.டி. நாயுடுவின் ஊர் இல்லையா!

மீண்டும் நூல், மீண்டும் மச்சான். இம்முறை உட்புறத்துக் கீழ்வரிசை நூல்கள் என்னை நோக்கி நீண்டன. ஹெல்மெட் நூல்கள் ஆடினாலும் ஒவ்வொன்றையும் தனியாக எண்ண முடிந்தது. பிறகு கண்ணாடியின் மேல் பகுதியிலும் மூன்று விரல் வெட்டி எடுத்துவிட்டேன். மொத்தத்தில், காசு கொடுத்து வாங்கிய உயரத்தில் கால்வாசியைக் காசு கொடுத்துக் குறைத்தேன். சைலன்சரையும் மாற்றச் சொல்லி நண்பர்கள் நச்சரித்தார்கள். வண்டியை இஷ்டத்துக்கு மாற்றத் தடைபோடும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைக் காட்டி வாயை அடைத்தேன். காதைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபட்டவன் அடுத்தவர் காதைக் கெடுப்பானா?

ஆடியில் வேறு பாடம் வந்தது. பயணத்துக்காக இரு பக்கமும் பெட்டிகளும் பின்னால் ஒரு டாப் பாக்ஸும் மாட்டியிருந்தேன். பொங்கலூர் தாண்டித் தாராபுரம் நோக்கிப் போகையில் காற்று வலப்புறம் பின்னாலிருந்து அடிக்கும். விழாமலிருக்க வண்டி தானாகவே வலப்பக்கம் சாய்ந்து ஓடும். அப்போது எதிரே ஒரு லாரி வருகிறது. அதுவும் வலப்பக்கம்தான், காற்று வரும் பக்கம். லாரி மறைத்த அந்த நொடியில் காற்று நின்றுவிடுகிறது. சாய்வு மட்டும் மிச்சம் இருக்கிறது. சாய்ந்த பக்கம் பைக் திரும்பும், அதாவது லாரியை நோக்கி! மறு நொடி லாரி கடந்ததும் காற்று மொத்தமாகத் திரும்பிவந்து இடப்பக்கம் தள்ளுகிறது. பெட்டிகள் இல்லாதபோது இது ஒரு சிறு துள்ளல். பெட்டிகள் சேர்ந்ததும் காற்று பிடித்துத் தள்ளும் பக்கப்பரப்பு கூடிவிடுகிறது. அன்று சாலையின் நடுக்கோட்டை நான் விரும்பாத அளவுக்கு நெருங்கினேன். அதற்குப் பின் லாரியைத் தூரத்தில் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் ஒதுங்குகிறேன். ஹேண்டில்பாரை இறுகப் பிடிப்பதில்லை. இறுகிய கை உடம்பின் ஆட்டத்தையும் ஹேண்டில்பாருக்குக் கடத்திவிடும்.

டாப் பாக்ஸில் இன்னொரு நெம்புகோல் கணக்கும் உண்டு. சக்கரங்களுக்கு இடையே 140 சென்டிமீட்டர், பெட்டி பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் என்று வையுங்கள். பெட்டியில் பத்து கிலோ வைத்தால் பின்சக்கரம் பன்னிரண்டு கிலோ சுமக்கும். முன்சக்கரம் இரண்டு கிலோ இழக்கும். கனத்ததைப் பக்கப் பெட்டிகளின் அடியில் வை, டாப் பாக்ஸில் மழைக்கோட்டும் துண்டும் போதும் என்பது இதனால்தான்.

புரட்டாசியில் மனைவியோடு திம்பம் மலைச்சாலையில் ஏறினோம். முந்தைய நாள் இரவு அன்னூர்ச் சாலையில் எதிரே வந்த வண்டிகளெல்லாம் என்னைப் பார்த்து விளக்கை அணைத்து அணைத்துப் போட்டன. நான் லோ பீமில்தான் இருந்தேன். பின்சீட்டில் ஆளும் பெட்டியில் சாமானும் சேர்ந்து பின் ஸ்பிரிங் கூடுதலாக மூன்று சென்டிமீட்டர் அமுங்கியிருந்தது. வண்டி முழுவதும் ஒன்றேகால் பாகை மல்லாந்திருந்தது. கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் முப்பது மீட்டர் தள்ளி விளக்கின் ஒளி அறுபது சென்டிமீட்டர் மேலே ஏறிவிடும். எதிரே வருபவரின் கண்ணுக்கு நேராக. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கும் அதே அளவு படுத்துவிடுவதால் வண்டி திரும்புவதற்குச் சோம்பல்படும். இருபத்தேழு கொண்டை ஊசிகளுக்கு அப்படிப்பட்ட வண்டியோடு போகக் கூடாது.

மருந்து பிரீலோடு, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைப்பது. ஸ்பேனரால் வளையத்தை இரண்டு படி திருப்பினால் போதும். இதனால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு அப்படியேதான் இருக்கிறது. அது நிற்கும் உயரம்தான் மாறுகிறது. பின்சக்கரத்தைத் தூக்கி, அச்சிலிருந்து வால் பகுதியில் ஒரு புள்ளிவரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஆளும் சாமானும் ஏறிய பின் மறுபடி அளந்தால், வித்தியாசம், சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம். 120 மில்லிமீட்டர் ஓட்டமுள்ள வண்டிக்கு 40. என் வண்டியில் 68 வந்தது. படியைத் திருப்பி 42-க்குக் கொண்டுவந்தேன்.

அடிவாரத்தில் பண்ணாரி அம்மன் கோயில் அருகே நிறுத்தினோம். விளிம்பில் இரண்டு மஞ்சள் நூல்களை மட்டும் நான் கழற்றாமல் விட்டிருந்தேன். காற்று எந்தப் பக்கம் என்று அவை காட்டும். பூக்காரம்மா அதைப் பார்த்துவிட்டு, எந்தக் கோயிலில் கட்டியது என்று கேட்டார். காற்றோட்டம், சுழி, தாழ்வழுத்தம் என்று நான் தொடங்குவதற்குள் மனைவி முந்திக்கொண்டு, திருப்பூர் என்று சொல்லிவிட்டாள். அவர் தலையாட்டிவிட்டு, அதன் பக்கத்திலேயே ஒரு முழம் கதம்பத்தையும் கட்டிவிட்டார். முதல் வளைவைத் தாண்டியதும் அதுவும் பின்னோக்கிப் படிந்தது.